இருக்கன்குடிக்குப் போன பிளேட்

போன மாதம் மதுரையில் பல் மருத்துவர்கள் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது உங்களில் ஒருவர் ஒரு குழந்தையின் வாய்ப் படத்தைக் காட்டினார். எட்டு வயது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. அவற்றை அடுத்த பற்கள் விசிறி போல வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன. "பெத்தவங்க ரொம்ப அவசரப்படுறாங்க சார், ஏதாவது செய்துதானே ஆகணும்?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அங்கே நின்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் விருதுநகரில் கிளினிக் வைத்தது அறுபதுகளின் தொடக்கத்தில். அதற்கு முன்பு சென்னையில் பல் மருத்துவம் படித்த காலத்தில், செலவுக்காக ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தேன். அங்கே இருந்த செய்தி ஆசிரியர் வாயில் வெற்றிலை இருக்கும்போது பேச மாட்டார். எப்போதும் வெற்றிலை இருக்கும் என்பதால் அவர் பேசிக் கேட்பது அபூர்வம். ஒருமுறை வெளியூர் நிருபர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார்: மழை வேண்டி ஊரில் யாகம் நடத்தினார்கள், மறுநாள் மழை கொட்டியது. யாகத்தால் மழை என்று தலைப்பும் அவரே போட்டிருந்தார். செய்தி ஆசிரியர் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, டிரங்க் காலில் நிருபரைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பக்கத்து ஊரில் பெய்ததா? பெய்திருந்தது. அங்கே யாகம் எதுவும் நடக்கவில்லை. மறுநாள் பேப்பரில் யாகமும் வந்தது, மழையும் வந்தது, தனித்தனிச் செய்தியாக. நாங்கள் சிரித்தோம். அது பத்திரிகைக்காரர்களுக்கான பாடம் என்று நினைத்து, விருதுநகருக்கு ரயில் ஏறியபோது அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் பல்லைப் பிடுங்கத்தான் டாக்டரிடம் வருவார்கள். பல்லை நேராக்கவும் ஒரு ஆள் இருக்கிறார் என்பது புதுச் சங்கதி. முன்பல்லில் இடைவெளியோடு எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளை அழைத்து வந்தால் நான் அச்சு எடுத்து பிளேட் செய்து கொடுப்பேன். அண்ணத்தோடு ஒட்டி உட்காரும் இளஞ்சிவப்பு அக்ரிலிக் தகடு, முன்னால் கம்பி ஸ்பிரிங். லேப் கிடையாது, எல்லாம் என் கையால்தான். பிள்ளைகள் ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து வரும்போது இடைவெளி மூடியிருக்கும். ஏறக்குறைய எல்லோருக்குமே மூடியது. பஜாரில் என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசிக்கொண்டார்கள். நானும் என்னைப் பற்றி நல்லவிதமாகவே நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் இருந்த பாடநூல் வெளிநாட்டில் அச்சானது. பக்கத்துக்கு இரண்டு படங்கள்: சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின். அதே வயதில், அதே இடைவெளியோடு, யாரும் கை வைக்காமல் விட்ட ஒரு பிள்ளையின் படம் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. அப்படி ஒரு படம் இருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இந்த நிலையில்தான் சிவகாசியிலிருந்து அண்ணாச்சி வந்தார். பட்டாசுத் தொழிற்சாலை முதலாளி. லேபிள் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸிலும் பங்கு இருந்தது. ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். கூட அவர் மனைவியும் மகள் கலாவதியும். அவளுக்கு ஒன்பது வயது. நடுவில் இருந்த சந்தில் இரண்டு தீக்குச்சியைச் சேர்த்துச் செருகலாம். வகுப்பில் அவள் வாயைத் திறந்தால் திருத்தங்கல் பஸ் உள்ளே போய்விடும் என்று கேலி செய்திருக்கிறார்கள். பொங்கல் லீவு முடிந்ததிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள் என்று அம்மா சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபோதும் வாயைக் கையால் மூடிக்கொண்டே பதில் சொன்னாள்.

அண்ணாச்சி மகள் பெயரில் புதிதாக ஒரு புஸ்வாணம் கொண்டுவர இருந்தார். பெட்டியின் மேல் அவள் சிரிக்கிற படம். பிரஸ்ஸில் ஓவியர் பல்லைச் சேர்த்து வரைந்து அழகாகவே முடித்துக் கொடுத்திருக்கிறார். கலாவதி அந்த லேபிள் மாதிரியைப் பார்த்து, "இது நான் இல்ல" என்று அழுதிருக்கிறாள். அதன் பிறகு அவருக்குப் பொறுக்கவில்லை. சீசனுக்குள் முடித்துத் தர முடியுமா என்று கேட்டார். ஆர்டர் கொடுத்துப் பழகிய குரல்.

பிளேட் மட்டும் போட்டால் நாளாகும். புத்தகத்தில் வேகமான வழி ஒன்று இருந்தது. மேலுதட்டின் உள்பக்கத்தையும் ஈறையும் இணைக்கிற சதை நாணை முதலில் வெட்டிவிட்டு, அழுத்தமான ஸ்பிரிங்கால் நான்கு பற்களையும் உள்ளே தள்ளுவது. அதே பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் இருந்தது. அந்த வயதில் கோரைப்பற்கள் எலும்புக்குள் மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். முன்பற்களை அவசரமாகத் தள்ளினால் அவற்றின் வேர் இறங்குகிற கோரைப்பல்லில் இடித்துக் கரைந்துபோகலாம். வேர் போனால் நாளடைவில் பல்லும் போகும். படித்தேன். என்னிடம் பிளேட் போட்ட பிள்ளைகள் யாருக்கும் அப்படி ஆகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வெட்டுவது என்று முடிவாயிற்று.

கிளம்பும்போது அண்ணாச்சி வாசலில் நின்றார். "டாக்டர், தப்பா எடுத்துக்காதீக. லோடு ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு பெட்டியப் பிரிச்சுப் பார்க்கிறது என் பழக்கம். நீங்க சரி பண்ணின புள்ளை ஒண்ணைக் கண்ணால பார்த்துட்டா நிம்மதியா இருக்கும்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யோசிக்காமல் பேச்சியம்மாளைச் சொன்னேன். சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமம், பருத்தியும் மிளகாயும் போடுகிற சம்சாரி குடும்பம். நான் செய்ததிலேயே மிக நன்றாக வந்த வாய் அவளுடையது. பிளேட் கொடுத்து இரண்டு வருடம் கழித்து, தம்பிக்குப் பல்வலி என்று அம்மாவோடு வந்தவளைப் பார்த்தபோது இடைவெளி சுத்தமாக மூடியிருந்தது. பிளேட் எங்கே என்று அன்றைக்கு அந்த அம்மாவிடம் கேட்டேன். பத்திரமான இடத்தில் இருக்கிறது என்றார். நல்லது என்று விட்டுவிட்டேன்.

அண்ணாச்சியின் காரில் போனோம். பேச்சியின் அம்மா மோர் கொடுத்தார். பேச்சி வெளிச்சத்துக்கு வந்து வாயைத் திறந்து காட்டினாள். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, லேபிளில் கலர் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது போல அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பார்த்தார். திருப்தி என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பேச்சை அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் பிளேட்டையும் எடுத்து வந்து காட்டுங்கள் என்றேன்.

அம்மா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"அது இங்கன இல்லீங்க டாக்டரய்யா."

"எங்கே இருக்கு?"

"இருக்கன்குடியில."

மிச்சத்தை அவர் சொல்லச் சொல்ல, மோர்ச் செம்பைக் கீழே வைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மகளுக்குப் பல் சேர வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறார். அந்த ஆடி மாதம் நான் பிளேட் கொடுத்தேன். இருக்கன்குடிக்கு நேர்ச்சை கொண்டுபோகிறவர்கள் எந்த உறுப்பில் நோவோ அந்த உருவத்தை வாங்கி உண்டியலில் போடுவது உங்களுக்குத் தெரியும்.

"கண்ணுக்குக் கண்மலரு, காலுக்குக் காலு, கைக்குக் கை, எல்லாம் கோயில் வாசல்லயே விக்காக. வாய்க்கு யாரு செய்றா? நீங்கதான் அம்புட்டுக் கச்சிதமாச் செஞ்சு குடுத்தீக" என்றார். குரலில் நன்றியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

எத்தனை நாள் வாயில் போட்டிருந்தாள் என்று கேட்டேன். பேச்சியே பதில் சொன்னாள். "ஒரு நா. சோறு எறங்கல, கழட்டிட்டேன்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இந்தப் புள்ளைக்கு மூடினதுக்கு நீங்க காரணம் இல்ல."

"இல்லை."

"மத்த புள்ளைகளுக்கு?"

இந்த இடத்தைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். இது ஒரு விதிவிலக்கு, மற்றவர்கள் ஒழுங்காகப் போட்டார்கள், அதனால் மூடியது என்று நான் சொல்லியிருந்தால் அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். ஏற்றுக்கொள்ளவே விரும்பினார். மகளை எப்படியாவது பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற தவிப்பில் இருந்த மனிதர் அவர். விருதுநகரில் என் தொழில் நிலைப்பதற்கு அவருடைய ஒரு வார்த்தை போதும். அதைக் கெடுக்கவும் போதும். ஆனால் எனக்கு அப்போது பக்கத்து ஊரில் பெய்த மழைதான் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடத்தில் நான் பார்க்காமல் விட்ட பக்கத்து ஊர், பேச்சியின் உருவில், அந்த முற்றத்தில் பருத்திமார்க் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"தெரியாது அண்ணாச்சி. பிளேட் போடாத பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை."

 அவர் கோபமில்லாமல், நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். "நாங்க புதுசா மருந்து கலந்தா, பழைய கலவையிலயும் ரெண்டு செஞ்சு பக்கத்துல வச்சுக் கொளுத்துவோம். ஒரே காத்து, ஒரே இருட்டு. இல்லாட்டி எது நல்லா எரிஞ்சதுன்னு எப்படித் தெரியும்? டாக்டர்மாருக்கு அந்த வழக்கம் கெடையாதா?"

பல் நேராக்குகிற விஷயத்தில் எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மைதான்.

பேச்சியின் அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, இதில் சந்தேகமே வேண்டாம், அம்மன் பார்த்துக்கொண்டாள் என்றார். கணக்காகச் சொல்வதென்றால் அந்த முற்றத்தில் மூன்று காரணங்கள் நின்றன. என் பிளேட், அவருடைய அம்மன், பிள்ளையின் வயது. பேச்சியின் வாய் முதலாவதை மட்டும்தான் விலக்கியது, அதுவும் பேச்சியைப் பொறுத்த மட்டில். ஒரு பிள்ளைக்குத் தானாக மூடியதால் கலாவதிக்கும் மூடும் என்று ஆகிவிடாது. ஆனால் வெள்ளிக்கிழமை கத்தியை எடுக்க எனக்கு இருந்த நியாயம் போய்விட்டது. பொறுத்திருந்தால் போவது நாள் மட்டும். இப்போது வெட்டித் தள்ளினால் போவது பல்லாகவும் இருக்கலாம். இதை அண்ணாச்சியிடம் அப்படியே சொன்னேன்.

மதுரையில் ஒருத்தர் அடுத்த வாரமே செய்கிறேன் என்கிறாரே என்றார். என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டுவிட்டுச் செய்துகொள்ளுங்கள் என்றேன். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று காரை இருக்கன்குடிக்கு விடச் சொன்னார். ஆற்று மணலில் திரும்பி நடக்கும்போது, கலாவதிக்கும் ஒரு பிளேட் செய்து தர முடியுமா என்று கேட்டார். போட்டுக்கொள்வதற்கு இல்லை, இங்கே கொண்டுவந்து போடுவதற்கு. அந்தப் பிளேட்டால் பல்லுக்கு எந்தப் பலனும் இருக்காது என்று சொல்ல வேண்டியது என் கடமை, சொன்னேன்.

"அது எனக்கும் அம்மனுக்கும் உள்ள பேச்சு டாக்டர். நீங்க உங்க பேச்சைப் புள்ளைகிட்ட பேசுங்க."

அச்சு எனக்கும் தேவைப்பட்டது. இடைவெளி இன்று எவ்வளவு, ஆறு மாதம் கழித்து எவ்வளவு என்று அளக்க ஒரு மாதிரி வேண்டும். அதனால் அச்சு எடுத்து, பிளேட்டை அவரிடமும் பிளாஸ்டர் மாதிரியை என் அலமாரியிலும் வைத்தேன். சும்மா இருங்கள் என்று சொன்னால் எந்த அப்பாவும் இருக்க மாட்டார். அளக்க வாருங்கள் என்று சொன்னால் வருவார். மதுரைக்குப் போகாமல் அவர் என்னிடமே வந்துகொண்டிருந்ததற்கு அந்த அளவு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கலாவதியிடம் பேசியது வேறு விதம். கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி, அவள் விரலையே பிடித்து மேல் ஈறில், பக்கத்துப் பல்லுக்கு மேலே வைத்தேன். பட்டாணி அளவுக்கு ஒரு மேடு. மறுபக்கமும் அதே போல. உள்ளே இருந்து இரண்டு பெரிய பற்கள் இறங்கி வருகின்றன, அவை வேரை நெருக்குவதால்தான் மற்ற பற்கள் விரிந்து நிற்கின்றன, இறங்கி வெளியே வந்துவிட்டால் அவையே உள்பக்கம் நெருக்கும் என்று சொன்னேன். ரொம்ப நேரம் தடவிப் பார்த்தாள்.

"நெருக்கலைன்னா?"

"அப்ப நான் நெருக்குவேன். அதுவரைக்கும் எதுவும் கெட்டுப்போகாது."

மறு வாரம் பள்ளிக்கூடம் போனாள். எனக்கு இன்னும் ரெண்டு பல்லு உள்ள வருது, ஒங்களுக்கு வருதாலே என்று பையன்களை அவரவர் ஈறைத் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். கேலி அதோடு நின்றதா என்று தெரியாது. அவள் வீட்டுக்குத் திரும்பி ஓடவில்லை, அது போதும்.

அந்த மாதங்களில் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. முன்பு பிளேட் போட்ட பிள்ளைகளை ஒவ்வொருவராக வரவழைத்து, மதுரையில் எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தேன். யாருக்கும் வேர் கரையவில்லை. கடைசிப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். திருத்தங்கலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் வாயையும் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் வாயையும் பார்த்தேன். சின்ன வகுப்பில் இடைவெளி சாதாரணம். பெரிய வகுப்பில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் வேறு பிள்ளைகள், இவர்கள் வேறு பிள்ளைகள் என்பதால் அதையும் முடிவாக எடுத்துக்கொள்ளாமல், அதே சின்னப் பிள்ளைகளைச் சில வருடம் தொடர்ந்து பார்த்தேன். பெரும்பாலோருக்குத் தானாக மூடியது. சிலருக்கு மூடவில்லை. மூடாதவர்களுக்குக் கோரைப்பல் முழுக்க வந்த பிறகு பிளேட் போட்டேன், நன்றாகவே வந்தது. பிளேட்டின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. எப்போது, யாருக்கு என்று தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். உங்கள் மேஜைக்கு வருகிற கம்பெனிப் புத்தகங்களில் இன்றைக்கும் முன், பின் என்று இரண்டு படம்தான் இருக்கிறது. மூன்றாவது படத்தைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அந்த வைத்தியம் பொய் என்று அர்த்தமில்லை. அதன் பேரில் அவசரப்பட உங்களுக்கு உரிமை இல்லை என்று அர்த்தம்.

கலாவதிக்கு முதல் வருடம் இடைவெளி அசையவில்லை. அடுத்த தடவை அளந்தபோது ஒரு மயிரிழை கூடியிருந்தது. அண்ணாச்சி அன்று சாயங்காலமே தனியாகத் திரும்பி வந்தார். லேபிளை அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தார். வீட்டில் மனைவியும் மனைவியின் அண்ணனும் மதுரைக்குக் கூட்டிப் போகச் சொல்லி நெருக்குகிறார்கள் என்றார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"டாக்டர், எனக்குத் தைரியம் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தைரியம் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொன்னேன். இடைவெளி கூடியிருக்கிறது, ஆனால் ஈறில் இருந்த மேடு போன தடவையைவிடக் கீழே வந்திருக்கிறது, இரண்டையும் என் விரலால் பார்த்தேன். பல் இறங்கிக்கொண்டிருக்கிற இந்தச் சமயத்தில் வேரைத் தள்ளுவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. இப்போது யார் வெட்ட வந்தாலும், அது நானாக இருந்தாலும், நீங்கள் விடக் கூடாது. அவர் தலையசைத்துவிட்டுப் போனார். சரி என்று சொல்லவில்லை. மறு தவணைக்கு வருவார்களா என்பது எனக்குத் தெரியாமலே இருந்தது.

வந்தார்கள். அப்போது வலது பக்கம் கோரைப்பல்லின் முனை ஈறைக் கிழித்து எட்டிப் பார்த்தது. இடதும் பின்னாலேயே வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் சந்து குறுகிக்கொண்டே போனது.

கடைசியாக வந்தபோது தீபாவளி சீசன். அண்ணாச்சியால் தொழிற்சாலையை விட்டு நகர முடியவில்லை. கலாவதி அம்மாவோடு பஸ்ஸில் வந்தாள். பன்னிரண்டு வயது, என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். மெல்லிய தாள் ஒன்றை எடுத்து முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. திருப்பிப் பிடித்து இன்னொரு முறை முயன்றேன். தாள்தான் மடங்கியது. மடங்கிய தாளை அவள் அம்மாவிடம் காட்டினேன். 

கலாவதி தட்டில் இருந்த கைக்கண்ணாடியைத் தானே எடுத்துக்கொண்டாள். ஜன்னலை மறைத்து நின்ற அம்மாவை நகரச் சொன்னாள். உதட்டை மூடி, திறந்து, இடது பக்கம், வலது பக்கம், பிறகு நேராகச் சிரித்தாள். முடிந்ததா என்று அம்மா கேட்டதற்கு, "இருங்கம்மா, இன்னொரு தடவ" என்றாள்.

வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, எம்புட்டு நேரம்தான் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரை இன்னும் கொஞ்சம் இருக்கச் சொன்னேன்.